தோளுக்கு ஆபரேஷன் வேண்டுமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: வயது 62. தோளில் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) கிழிந்திருப்பதாக எம்ஆர்ஐ ரிப்போர்ட் வந்திருக்கிறது. உடனே ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டுமா?

பதில்: ரிப்போர்ட்டை விடுங்கள், வலி எப்படி வந்தது? அறுபதைத் தாண்டியவர்களில் வலியே இல்லாத பலருக்கும் ஸ்கேன் எடுத்தால் கிழிசல் தெரியும், தலை நரைப்பது மாதிரிதான். ஆனால் கீழே விழுந்து, அன்றிலிருந்து கையைத் தூக்கவே முடியவில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள். அறுந்த தசைநாண் உள்வாங்கி, தசையில் கொழுப்பு படிந்துவிட்டால் பிறகு இழுத்துத் தைக்க வராது. மெல்ல மெல்ல வந்த வலிக்கு முதலில் மூன்று மாதம் ஒழுங்கான பிசியோதெரபி (வாட்ஸ்அப் வீடியோ பார்த்து இரண்டு நாள் செய்வது கணக்கில் சேராது). தைத்தே ஆக வேண்டுமென்றால் கீஹோல் வழியாக எலும்பில் ஆங்கர் (நூல் கோத்த சின்ன ஆணி மாதிரி) பதித்துத் தைப்போம். அப்புறம் 4 முதல் 6 வாரம் கையை ஸ்லிங்கில் மாட்டியிருக்க வேண்டும், பலம் திரும்ப ஆறு மாதமாவது ஆகும்.

கேள்வி: எலும்பு முள் வளர்ந்து உரசுகிறது, தேய்த்து எடுக்கலாம் என்கிறார்கள்.

பதில்: அவசரப்படாதீர்கள். 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வில், முள்ளைத் தேய்த்தவர்களுக்கும் உள்ளே கேமரா விட்டுப் பார்த்துவிட்டுச் சும்மா வெளியே வந்தவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

கேள்வி: எனக்குச் சர்க்கரை உண்டு. தோள் இறுகி, பின்னால் கை கொண்டுபோய் ஹூக் மாட்ட முடியவில்லை.

பதில்: ஃப்ரோசன் ஷோல்டர் (மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகிப்போவது) மாதிரி தெரிகிறது, சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும். ஒரு எக்ஸ்ரே எடுத்து, மூட்டுத் தேய்மானம் மாதிரி வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பெரும்பாலும் தளர்ந்துவிடும், ஆனால் ஒன்றிரண்டு வருடம் பொறுமை வேண்டும். மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி ஆரம்பகால வலியைக் குறைக்கும், சில நாள் சர்க்கரை ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள். ஊசியும் பிசியோவும் பலிக்காவிட்டால்தான் இறுகிய உறையைக் கீஹோலில் வெட்டி விடுவது.

கேள்வி: கபடி ஆடும் மகனுக்கு (19) மூன்று முறை தோள் நழுவிவிட்டது.

பதில்: இங்கே நான் கத்தியின் பக்கம். தோள் மூட்டின் கிண்ணம் ஆழமில்லாதது, அதன் ஓரத்து விளிம்பு பிய்ந்துவிட்டால் கை எலும்பின் பந்து போன்ற தலை மறுபடி மறுபடி முன்னால் நழுவும். அந்த விளிம்பைத் தைப்பது பாங்கார்ட் ஆபரேஷன்; பாங்கார்ட் என்ற பிரிட்டிஷ் சர்ஜன் 1923-லேயே எழுதியது, இப்போது கீஹோலில் செய்கிறோம். சிக்கல் என்னவென்றால், நழுவும் ஒவ்வொரு முறையும் கிண்ணத்தின் எலும்பும் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து தேயும், அது அதிகமாகிவிட்டால் தையல் நிற்காது. அப்போது லத்தார்ஜே முறை: தோளின் முன்னால் காக்கை அலகு போல நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பை அதில் ஒட்டிய தசைநாணோடு வெட்டி எடுத்து, கிண்ணத்தின் ஓரத்தில் ஸ்க்ரூ போட்டுவிடுவார்கள். எது என்பதை சிடி ஸ்கேன் பார்த்து முடிவு செய்யலாம். இன்னொரு முறை நழுவினால் கிரவுண்டில் நண்பர்களை இழுத்துவிடச் சொல்லாதீர்கள், நரம்பு போய்விடலாம்.

கேள்வி: அம்மாவுக்கு 74. மூட்டும் தேய்ந்து, தசைநாணும் போய்விட்டது. தலைகீழ் மூட்டு என்கிறார்களே?

பதில்: அது செயற்கை மூட்டு: பந்து இருந்த இடத்தில் கிண்ணம், கிண்ணம் இருந்த இடத்தில் பந்து. பிரான்ஸில் கிராமோன் என்ற சர்ஜன் 1985-இல் கொண்டுவந்தது. தசைநாண் இல்லாமலேயே தோளின் மேல்தசை கையைத் தூக்கிக்கொள்ளும். அம்மா தலை வாரிக்கொள்ளலாம், தண்ணீர்க் குடத்தை மட்டும் அவரிடம் கொடுக்காதீர்கள்.