ஏஐயை வேலையில் எந்த இடத்தில் நுழைப்பது? கேள்வி பதில்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கல்யாண அழைப்பிதழ், கோயில் மலர், புத்தக அட்டை என்று தமிழ் அச்சு வேலைதான் எனக்குப் பிழைப்பு. வடிவமைப்பிலும் அச்சிலும் ஏஐயை (செயற்கை நுண்ணறிவை) எப்படிப் பயன்படுத்துவது என்று நீங்கள் அனுப்பிய கேள்விகள் குவிந்துவிட்டன. தெரிந்ததை விரிவாகச் சொல்கிறேன், தெரியாததற்கு வேறு ஆளைக் காட்டுகிறேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கருவியைத் திறப்பதற்கு முன்பே, வேலையின் எந்தப் படியை அதனிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிடுங்கள். அந்த முடிவு இல்லாதவர்கள்தான் விடிய விடிய பிராம்ப்ட்டை, அதாவது கருவிக்குத் தட்டும் கட்டளையை, மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அண்ணே, அழைப்பிதழுக்கு ஏஐயில் கேட்டா பூ, தோரணம் எல்லாம் அழகா வருது. தமிழ் எழுத்து மட்டும் உடைஞ்சு போகுது. என்ன பிராம்ப்ட் போடணும்? (ஜார்ஜ்டவுன், அழைப்பிதழ் வடிவமைப்பாளர்)

பிராம்ப்ட் தேடாதீர்கள் தங்கச்சி. பெரும்பாலான படக் கருவிகள் வெறும் புள்ளி இரைச்சலில் தொடங்கி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிய வைத்துப் படமாக்குகின்றன. அதையும் சுருக்கிய வடிவில் செய்வதால் நுண்ணிய கோடுகள்தான் முதலில் அடிபடும். நம் எழுத்தில் ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். ‘கொ’ எழுத முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். கருவிக்கு இதெல்லாம் எழுத்தே இல்லை, ஏதோ கோடு. அது பழகிய படங்களில் தமிழ் எழுத்து உள்ளவையும் சொற்பம்.

புதிதாக வந்த சில கருவிகள் ‘திருமண அழைப்பிதழ்’ என்று பெரிதாகச் சரியாகவே எழுதிவிடுகின்றன. எனக்கு அதுதான் அதிகப் பயம். தலைப்பு சரியாக இருந்தால் கண் கீழே இறங்காது. தாத்தா பெயரில் ஒரு புள்ளி விடுபட்டது அட்டைகள் அச்சாகி வந்த பிறகுதான் தெரியும்.

என் வழக்கம் இது. எழுத்தைத்தான் முதலில் பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் வைப்பேன். பெரியோர் பெயர்கள், முகூர்த்த நேரம், மண்டப முகவரி எல்லாம் உட்கார்ந்த பிறகு மிஞ்சும் இடம்தான் படத்துக்கு. அந்த இடத்தின் அளவையும் தேவையையும் சொல்லித்தான் ஏஐயிடம் கேட்பேன்: மல்லிகைத் தோரணம், மேல் விளிம்பில் மட்டும், நடுவில் வெறும் சந்தன நிறம், எழுத்து எதுவும் வேண்டாம். வந்த படம் கீழ் லேயர், எழுத்து மேல் லேயர். இன்டிசைனிலும் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கிறதா? பத்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள், சரியாகிவிடும். படம் வரையும் மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்சஸுக்குள் போய் இண்டிக் ஆப்ஷனை முதலில் திறந்துவிட வேண்டும். யூனிகோட் எழுத்துருவே போடுங்கள். ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்களுக்கு நம் நாட்டு முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி எழுத்துரு உள்ளேயே இருக்கிறது.

எழுத்தைப் படத்துக்குள் விடாதீர்கள். இன்று இதை இன்னும் சில தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

எந்த ஏஐ பெஸ்ட்? (பூச்சோங்)

எந்த வேலைக்கு என்று சொன்னால் பதில் சொல்லலாம்.

குறும்படத்துக்குத் திரைக்கதை எழுதுகிறேன். வசனத்துக்கு ஏஐ உதவுமா? (காஜாங்)

வசனத்துக்கு வேண்டாம். ரவாங் லோரி ஓட்டுநரை எழுதச் சொன்னால் அவர் சென்னை சினிமாவில் பேசுவதுபோல் பேசுவார். நம் ஊர்ப் பேச்சு அதிகம் எழுத்தில் ஏறவில்லை, அது எங்கிருந்து படித்திருக்கும்? நாசி கண்டார் கடையில் ஒரு மாலை நேரம் உட்கார்ந்து காதைக் கொடுங்கள், அதைவிட நல்ல வசனம் கிடைக்கும்.

ஆனால் எழுதி முடித்த பிரதியை அதனிடம் கொடுத்து வேலை வாங்கலாம். காட்சிவாரியாக என்னென்ன பொருள் வேண்டும், எந்தக் காட்சிகளை ஒரே இடத்தில் சேர்த்து எடுக்கலாம், நான்காம் காட்சியில் கையில் கட்டோடு இருந்தவன் ஆறாம் காட்சியில் அதே கையால் மோட்டார் ஓட்டுகிறானா என்று கேளுங்கள். இந்தப் பட்டியல் வேலையில் நேரம் நிறைய மிச்சமாகும். பட்டியலை மூலப் பிரதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இல்லாத பொருளையும் சேர்த்துவிடும்.

தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல் பேனருக்கு எங்கள் இளைஞர்கள் ஏஐயில் முருகன் படம் எடுத்திருக்கிறார்கள். பெரியவர்கள் கூடாது என்கிறார்கள். படத்தை அனுப்பியுள்ளேன், உங்கள் கருத்து? (பினாங்கு, பந்தல் குழு)

ஐயா, நான் பெரியவர்கள் பக்கம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விபூதிக்கு மேலே முடியில் பிறை இருக்கிறது. வேலின் இலை நுனியில் மூன்றாகப் பிரிந்து சூலமாகிவிட்டது. அபய கரத்தின் கட்டைவிரல் முகத்துப் பக்கம் இல்லாமல் வெளிப்பக்கம் நீட்டியிருக்கிறது, அதாவது வலத்தோளில் இடக்கை. பின்னணியில் நிற்பது கோலாலம்பூர் பக்கத்துப் பத்துமலைச் சிலை, உங்கள் பந்தலோ பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில். அந்தப் பத்துமலையும் பழையது. 272 படிகளுக்கும் பல வண்ணம் அடித்தது 2018இல், படத்தில் படி சாம்பல் நிறம்.

இணையத்தில் எத்தனையோ சாமி படங்களுக்கு வெறும் ‘இந்துக் கடவுள்’ என்றுதான் குறிப்பு இருக்கும். அதை வைத்துப் பழகியது சிவன், முருகன், கண்ணன் எல்லாரையும் கலந்துதான் கொடுக்கும். கோயிலில் அனுமதி கேட்டு உற்சவர் படத்தை நல்ல கேமராவில் எடுங்கள். அதற்குப் பின்னால் வரும் மின்கம்பியை நீக்கவும், பேனர் அகலத்துக்குப் பின்னணியை நீட்டவும், ஓரத்தில் மயிலிறகுக் கோலம் போடவும் ஏஐயைப் பயன்படுத்துங்கள்.

அண்ணே, இதை ஏத்துக்க முடியல. ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் போட்டு சாமி படம் அடிச்சப்ப அதுவும் புது இயந்திரம்தானே? கொண்டையராஜு காலண்டர் முருகனும் கற்பனைதானே? இன்னிக்கு அதைத்தான் கும்பிடுறோம். (செந்தூல், வடிவமைப்பாளர்)

நல்ல கேள்வி தம்பி. மற்றவர்கள் கொஞ்சம் காத்திருங்கள், இதற்கு நின்று பதில் சொல்ல வேண்டும்.

ரவி வர்மாவின் கல்லச்சு இயந்திரம் எதையும் முடிவு செய்யவில்லை. வரைந்தவர் முடிவு செய்ததை ஆயிரம் வீட்டுக்குக் கொண்டுபோனது, அவ்வளவுதான். கோவில்பட்டியில் கொண்டையராஜு நாடகத் திரைச்சீலை வரைந்து பழகிய கை, சீடர்களை வைத்துச் சொல்லிக்கொடுத்த ஆள். கற்பனை இருந்தது, மறுக்கவில்லை. மயிலை எந்தப் பக்கம் திருப்பலாம், எதைத் தொடக்கூடாது என்கிற அறிவும் கூடவே இருந்தது. ஏன் வள்ளி வலப்பக்கம், தெய்வானை இடப்பக்கம் என்று கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தார். ஏஐ தரும் படத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போவது யார்?

நான் சொல்றேன். எனக்கு சாமி படத்தோட இலக்கணம் தெரியும். ஏஐ படத்துல வேலையும் மயிலையும் கையையும் நானே திருத்தி வரைஞ்சா? (மீண்டும் செந்தூல்)

அப்படியென்றால் எனக்கு மறுப்பே இல்லை, செய்யுங்கள். முடிவெடுப்பது நீங்கள், அது உங்கள் படம். அச்சுக்குப் போகும் முன் குருக்களிடம் காட்டுங்கள். ஆனால் இளைஞர் குழுவில் பெரும்பாலோர் திருத்துவதில்லை, இறக்கி அப்படியே பேனர் கடைக்கு அனுப்புகிறார்கள். நான் பேசுவது அதைப் பற்றி.

நான் கோயில் ஓவியன். இப்போதெல்லாம் ஏஐ படத்தைக் கொண்டுவந்து "கைய மட்டும் சரி பண்ணுங்க, இருபது வெள்ளி (ரிங்கிட்) தர்றோம்" என்கிறார்கள். (பட்டர்வொர்த்)

வாங்காதீர்கள் அண்ணே, இருபது வெள்ளிக்கு அந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள். கையைத் திருத்தினால் தோள் பொருந்தாது, தோளைத் திருத்தினால் நிழல் எதிர்ப்பக்கம் விழும், கடைசியில் படம் முழுக்கத் திரும்ப வரைந்திருப்பீர்கள். புதுப் படத்துக்கு என்ன கூலியோ அதைக் கேளுங்கள். செந்தூல் தம்பி, இதற்குப் பதில் எழுதுவதற்கு முன் யோசியுங்கள்: இலக்கணம் தெரியும் என்றீர்களே, அதை இவர் மாதிரி ஆட்களிடம்தான் நம் தலைமுறை கற்றது. இவர்களுக்கு வேலை போனால் ஏஐ முருகன் கையில் இருப்பது சூலம் என்று சொல்ல ஆள் இருக்காது.

இதே விவாதத்துக்கு இன்னும் பலர் எழுதியிருக்கிறீர்கள். படித்தேன், என் கருத்து மாறவில்லை. அடுத்த கேள்விக்குப் போகிறேன்.

திரையில் பளிச்சென்று இருந்த படம் அச்சில் மங்கலாகவும் மழுங்கலாகவும் வந்துவிட்டது. அச்சகத்தின் தவறா? (கிள்ளான்)

பெரும்பாலும் இல்லை. பல கருவிகள் தருவது ஒரு பக்கத்துக்கு 1024 பிக்சல் அளவு. 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடித்தால் அது 8.7 சென்டிமீட்டர்தான். முழு ஏ4க்கு 2480க்கு 3508 வேண்டும். பெரிதாக்கும் மென்பொருளில் போட்டால் பிக்சல் கூடும், ஆனால் இல்லாத விவரத்தை அது தானே போட்டு நிரப்பும். மணப்பெண்ணின் அட்டிகையில் கல் எண்ணிக்கை மாறிவிடும், முகமும் லேசாக மாறும். குடும்பப் படத்தில் செய்யவே செய்யாதீர்கள். ரோட்டோரத்தில் தூரத்திலிருந்து பார்க்கும் இரண்டுக்கு ஐந்து அடி பன்டிங் (தொங்கும் பதாகை) என்றால் 100 டிபிஐ தாராளம்.

நிறம் மங்குவது வேறு காரணம். கருவி தருவது ஆர்ஜிபி, அதாவது திரையின் ஒளி நிறங்கள்; அச்சு சிஎம்ஒய்கே, அதாவது நான்கு மை நிறங்கள். மின்னும் பச்சையும் நீலமும் மையில் வராது. மாற்றிப் பார்த்துவிட்டு, அந்த மங்கிய நிறத்தைக் காட்டி வாடிக்கையாளரிடம் ஒப்புதல் வாங்குங்கள்.

தமிழ் எழுத்து சரியாக வர நல்ல பிராம்ப்ட் இருந்தால் பகிரவும். (ஈப்போ)

முதல் பதில். எழுத்தைப் படத்துக்குள் விடாதீர்கள்.

தீபாவளி வாழ்த்து அட்டையில் ‘தீபாவளி’ மட்டும்தான், அதையாவது ஏஐயிலேயே எழுதலாமா? (சுங்கை பட்டாணி)

வேண்டாம். எழுத்துருவில் தட்டச்சு செய்ய ஒரு நிமிடம் ஆகாது. நாளை வாடிக்கையாளர் எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னால் எதைப் பெரிதாக்குவீர்கள்?

டிசைனுக்கு எந்த ஏஐ நல்லது? (செராஸ்)

பூச்சோங் நண்பருக்குச் சொன்னதுதான். வேலையைச் சொல்லாமல் கருவியைக் கேட்காதீர்கள்.

ஏஐ செய்த லோகோ எனக்குச் சொந்தமா? (ஷா ஆலம், சிறு வணிகர்)

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், படைப்பு சுயமானதாக இருக்கப் போதிய உழைப்பு போட்டிருக்க வேண்டும் என்கிறது. ஒரு வரி தட்டியதெல்லாம் உழைப்பாகுமா என்று என்னைக் கேட்காதீர்கள், அறிவுசார் சொத்து வழக்கறிஞரைக் கேளுங்கள். அமெரிக்காவில் 2023இல் ஒரு சித்திரக்கதைக்கு எழுத்துக்கும் பக்க அமைப்புக்கும் உரிமை கொடுத்துவிட்டு, மிட்ஜர்னி என்ற ஏஐ கருவி தந்த படங்களுக்குக் கொடுக்கவில்லை. கடைப் பலகையில் காலத்துக்கும் நிற்க வேண்டிய சின்னத்தை ஒரு வடிவமைப்பாளரிடம் காசு கொடுத்து வரைந்து வாங்குங்கள்.

பள்ளி ஆண்டு மலருக்கு மாணவர் படங்களை ஏஐயில் போட்டுக் கார்ட்டூனாக மாற்றலாமா? (தமிழ்ப்பள்ளி ஆசிரியை)

டீச்சர், பெற்றோரிடம் கையெழுத்து வாங்காமல் ஒரு பிள்ளை படத்தைக்கூட ஏற்றாதீர்கள். ஏற்றிய படம் எங்கே போகிறது, எவ்வளவு நாள் இருக்கிறது என்று உங்களால் பெற்றோருக்குச் சொல்ல முடியுமா? பிள்ளைகளையே ஒருவரை ஒருவர் வரையச் சொல்லுங்கள். அந்தப் பக்கங்களை நான் காசு வாங்காமல் அமைத்துத் தருகிறேன்.

டப்பிங்கில் என் குரலை நகல் எடுக்கக் கேட்கிறார்கள்... (கோலாலம்பூர்)

ஒலி என் துறை இல்லை. ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லக்கூடியவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏஐ பயன்படுத்தியதை வாடிக்கையாளரிடம் சொல்லணுமா? சொன்னால் விலையைக் குறைக்கிறார்கள். (பிறை, வடிவமைப்பாளர்)

சொல்லுங்கள், அதுவும் கோட்டேஷனிலேயே. ‘பின்னணிப் படம் ஏஐ உதவியுடன், எழுத்தமைப்பும் பிழைதிருத்தமும் கையால்’ என்று இரண்டு வரியாகப் பிரித்து, தனித்தனி விலை போடுங்கள். விலையைக் குறைக்கச் சொன்னால் முதல் வரியில் குறையுங்கள். பிழைதிருத்த வரியில் ஒரு வெள்ளிகூடக் குறைக்காதீர்கள். கடைசி புரூஃபில் வீட்டுப் பெரியவர் ஒருவர் கையெழுத்துப் போட்ட பிறகு அச்சகத்துக்கு அனுப்புங்கள்.