மின்சார ஒழுங்குமுறை ஆணைய உறுப்பினர் ஆக என்ன படிக்க வேண்டும்? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

வணக்கம் அம்மா. மகள் இஇஇ (மின் மற்றும் மின்னணுப் பொறியியல்) இரண்டாம் ஆண்டு, மகன் பிளஸ் 2 வணிகவியல் பிரிவு என்று எழுதியிருக்கிறீர்கள். மின்கட்டணக் கருத்துக்கேட்புக் கூட்டத்தை டிவியில் பார்த்த மகள், மேடையில் உட்கார்ந்து மின்வாரிய அதிகாரிகளையே கேள்வி கேட்ட மின்சார ஒழுங்குமுறை ஆணைய உறுப்பினர்களைப் போல ஆக வேண்டும் என்கிறாள். அதற்கு என்ன தேர்வு, எங்கே கோச்சிங் என்பது உங்கள் கேள்வி.

அதற்குத் தேர்வு கிடையாது. அப்படி ஒரு தேர்வுக்குப் பயிற்சி தருகிறோம் என்று யாராவது சொன்னால் பணம் கட்டிவிடாதீர்கள்.

அது ஒரு நியமனப் பதவி. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி மாநில ஆணையத்தில் தலைவரையும் சேர்த்து அதிகபட்சம் 3 பேர்தான் இருக்க முடியும். அவர்களைத் தேடுவதற்கு ஒரு தெரிவுக் குழு உண்டு. உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஒருவர் அதன் தலைவர். மாநிலத் தலைமைச் செயலாளர் ஓர் உறுப்பினர். மத்திய அரசுக்குத் தொழில்நுட்ப ஆலோசனை சொல்லும் மத்திய மின்சார ஆணையகத்தின் தலைவர் அல்லது மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர் இன்னோர் உறுப்பினர். ஒரு காலியிடத்துக்கு இந்தக் குழு 2 பெயர்களைப் பரிந்துரைக்கும், அரசு அதில் ஒருவரை நியமிக்கும். பதவிக்காலம் 5 ஆண்டு, வயது வரம்பு 65. அதே பதவிக்கு மறுபடி வர முடியாது. பெரும்பாலானவர்கள் ஐம்பதுகளின் கடைசியில்தான் இங்கே வந்து சேர்கிறார்கள். உங்கள் மகளுக்கு இது முப்பது ஆண்டுக்கு மேலான பயணம். நடுவில் அவள் செய்யப்போகும் வேலைதான் அவளுடைய வாழ்க்கை. அதனால் அந்த வேலை அவளுக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும்.

எந்தத் துறையினர் வரலாம் என்பதைச் சட்டமே சொல்கிறது: பொறியியல், நிதி, வணிகம், பொருளாதாரம், சட்டம், மேலாண்மை. மத்திய ஆணையத்துக்கு விதி இன்னும் கறாரானது. மின் உற்பத்தி, கடத்தல், பகிர்மானத்தில் தேர்ந்த பொறியாளர் ஒருவர், நிதித்துறைக்காரர் ஒருவர் கட்டாயம் வேண்டும். மீதி இடங்கள் பொருளாதாரம், வணிகம், சட்டம், மேலாண்மை ஆகியவற்றுக்கு.

உண்மையில் வந்தவர்களைப் பாருங்கள். 1998-ல் மத்திய ஆணையம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் எஸ்.எல். ராவ். அவர் ஐஏஎஸ் அதிகாரி அல்ல, பொறியாளரும் அல்ல. தனியார் நிறுவன நிர்வாகத்தில் இருந்து, பிறகு தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராக இருந்தவர். பின்னால் உறுப்பினரான பானு பூஷண், மாநிலங்களுக்கு இடையே மின்சாரத்தைக் கடத்தும் மத்திய அரசு நிறுவனமான பவர்கிரிட்டில் இருந்து வந்த பொறியாளர். மின் பற்றாக்குறை நேரத்தில் கிரிட்டின் (மாநிலங்களை இணைக்கும் மின்கம்பி வலையின்) அதிர்வெண் இருக்க வேண்டிய 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரிந்துகொண்டிருந்த காலத்தில், அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும் மாநிலம் அந்த நேரத்துக்கு அதிக விலை கொடுக்க வேண்டும் என்ற கட்டண முறை வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. தென் மண்டலத்தில் அது 2003 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒரு பொறியாளரின் யோசனை விலைப்பட்டியலாக மாறி நாடு முழுவதும் கிரிட்டை ஒழுங்குக்குக் கொண்டுவந்தது என்பதை மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். மத்திய அரசின் மின் உற்பத்தி நிறுவனமான என்டிபிசியின் நிதி இயக்குநராக இருந்த ஏ.கே. சிங்கால், பவர்கிரிட்டின் தலைவராக இருந்த ஐ.எஸ். ஜா ஆகியோரும் மத்திய ஆணைய உறுப்பினர்களாக இருந்தவர்கள். 2023-ல் தலைவர் பொறுப்பேற்ற ஜிஷ்ணு பரூவா, அசாமின் தலைமைச் செயலாளராக இருந்த ஐஏஎஸ் அதிகாரி.

சட்டம் படித்தவர்களுக்கான வாசலை உச்ச நீதிமன்றமே அகலமாகத் திறந்தது. ஆணையத்தில் சட்டத்துறையைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவராவது இருந்தே ஆக வேண்டும் என்று 2018 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. 2022-ல் தமிழ்நாட்டில் கட்டண உயர்வு மனு வந்தபோது, சட்ட உறுப்பினர் இடம் காலியாக இருப்பதைச் சுட்டிக்காட்டி நூற்பாலைகள் சங்கம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குப் போட்டது. ஒரு நாற்காலி காலியாக இருப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அது சாட்சி.

இத்தனை துறை ஏன் என்பது ஒரு கட்டண மனுவைக் கையில் எடுத்தால்தான் புரியும். மின்பகிர்மானக் கழகம் ‘இத்தனை யூனிட் வாங்கினோம், இத்தனை விற்றோம், இத்தனை சதவீதம் வழியில் இழப்பு, ஆகவே இவ்வளவு வருவாய் வேண்டும்’ என்று மனு போடுகிறது. பொறியாளர் உறுப்பினரின் கண் முதலில் போவது விவசாய இணைப்புகளுக்கு. தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான இலவச மோட்டார் இணைப்புகளுக்கு மீட்டர் கிடையாது. அவை எவ்வளவு இழுத்தன என்பது மதிப்பீடு மட்டுமே. அந்த மதிப்பீட்டைக் கொஞ்சம் கூட்டிக் காட்டினால் மின் இழப்பு குறைந்ததுபோலத் தெரியும். ஃபீடர் (துணைமின் நிலையத்தில் இருந்து போகும் மின்பாதை) வாரியான அளவீடு எங்கே, மாதிரி மீட்டர்களின் கணக்கு எங்கே என்று அவர் கேட்பார். நிதி உறுப்பினர் வட்டிக் கணக்கைத் திறப்பார்: பழைய நஷ்டத்துக்கு வாங்கிய கடனின் வட்டியை இன்றைய நுகர்வோர் தலையில் எந்த அளவுக்கு ஏற்றலாம்? சட்ட உறுப்பினர் கேட்பது வேறு. அறிவிப்பு முறையாக வெளியானதா, ஆட்சேபம் சொன்ன ஒவ்வொருவருக்கும் ஆணையில் பதில் இருக்கிறதா? இது சரியில்லை என்றால், 45 நாட்களுக்குள் டெல்லியில் உள்ள மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய் ஆணையையே அடித்துவிடலாம். அடுத்த படி உச்ச நீதிமன்றம்.

கட்டணம் போக, மின் கொள்முதல் ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் தருவது, உரிமம் வழங்குவது, காற்றாலை, சோலார் நிறுவனங்களுக்கும் பகிர்மானக் கழகத்துக்கும் வரும் தகராறுகளைத் தீர்ப்பது எல்லாம் இந்த மூவரின் வேலை. சாட்சியை அழைக்க, ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்ல, உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் இவர்களுக்கும் உண்டு. இலவச மின்சாரத்தை ஆணையம் கொடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆணையம் கட்டணத்தை மட்டும்தான் நிர்ணயிக்கும், சலுகை கொடுப்பது அரசின் முடிவு. அந்தத் தொகையை அரசு முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்பது சட்டம்.

இனி பிள்ளைகளுக்கு வருவோம். இஇஇ-க்கு வேலையே இல்லை, கம்ப்யூட்டர் பக்கம் போய்விடலாமா என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. கல்லூரி வளாகத் தேர்வுக்கு வருவது பெரும்பாலும் ஐடி கம்பெனிகள்தான் என்பதும் உண்மை. ஆனால் மகளுக்கு இந்தத் துறையில் இவ்வளவு ஆசை இருக்கும்போது அதை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பவர் சிஸ்டம்ஸ், மின் அளவீடு, பாதுகாப்பு ஆகிய பாடங்களை அவள் ஊன்றிப் படிக்கட்டும். மூன்றாம் ஆண்டிலேயே பொறியியல் பட்டதாரிகளுக்கான கேட் (GATE) தேர்வுக்குத் தயாராகட்டும். பவர்கிரிட், என்டிபிசி போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் கேட் மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுக்கின்றன. மின்வாரிய நிறுவனங்களில் ஏஇ (உதவிப் பொறியாளர்) பணியும் நல்ல தொடக்கம். சப்ஸ்டேஷனில் இரண்டு கோடைகாலம் வேலை பார்த்தவருக்கு இழப்புக் கணக்கு வெறும் எண்ணாகத் தெரியாது. பிஇ முடித்த பிறகு மூன்றாண்டு சட்டப்படிப்பு படிக்கவும் வழி இருக்கிறது. மின்சாரமும் சட்டமும் சேர்ந்து தெரிந்தவர்கள் நம்மிடம் மிகக் குறைவு. தீர்ப்பாயத்தில் மின்சார வழக்கு நடத்தும் வழக்கறிஞர்களில் அப்படிப்பட்டவர்களுக்குத் தனி மதிப்பு.

மகனுக்கு சிஏ அல்லது காஸ்ட் அக்கவுண்டன்சி பொருத்தம். மின்நிலையத்தின் செலவுக் கணக்கைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு மின் நிறுவனங்களின் ஒழுங்குமுறைப் பிரிவிலும் ஆலோசனை நிறுவனங்களிலும் இடம் உண்டு. அரசுப் பணி வழியாக வரலாம் என்று ஐஏஎஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வரலாம், நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். ஆனால் இந்த நாற்காலிக்காக ஐஏஎஸ் எழுதுவது சரியான காரணமாக எனக்குப் படவில்லை.

இன்னொன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். முப்பது ஆண்டு மின்வாரியத்திலோ மின் நிறுவனத்திலோ இருந்தவர், அடுத்த நாள் அதே நிறுவனத்தின் கணக்கைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். உள்விவகாரம் தெரிந்திருப்பது பலம்தான். பழைய சகாக்களின் முகம் எதிரே தெரிவது பாரம். சட்டம் இதை யோசித்தே, பதவியில் இருக்கும்போது வேறு பதவி வகிக்கக் கூடாது, விலகியபின் 2 ஆண்டுக்கு வணிக நிறுவன வேலைக்குப் போகக் கூடாது என்று கட்டியிருக்கிறது. மற்றது அவரவர் மனசாட்சியைப் பொறுத்தது. நுகர்வோர் தரப்பில் வேலை பார்த்தவர்கள் இன்னும் அதிகமாக இந்த இடங்களுக்கு வர வேண்டும் என்பது என் விருப்பம். சென்னையின் சிஏஜி (அரசின் தணிக்கைத் துறை அல்ல, அதே சுருக்கப் பெயர் கொண்ட நுகர்வோர் அமைப்பு), புனேயின் பிரயாஸ் போன்ற அமைப்புகள் மின்கட்டணத்தை நுகர்வோர் பக்கம் நின்று ஆராய்கின்றன. விடுமுறையில் மகள் அங்கே இன்டர்ன்ஷிப் கேட்டு எழுதிப் பார்க்கலாம்.

இந்த மாதமே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022 செப்டம்பர் 9 அன்று வெளியிட்ட கட்டண ஆணையை இணையத்தில் இறக்கி, பொதுமக்களின் ஆட்சேபங்களும் அவற்றுக்கு ஆணையம் சொன்ன பதில்களும் உள்ள பகுதியை மட்டும் மகள் படிக்கட்டும். கோவை, மதுரை, சென்னைக் கூட்டங்களில் விசைத்தறிக்காரர், விவசாயி, வீட்டுக்காரர் என்று பலரும் பேசியது அதில் இருக்கிறது. எந்தப் பதில் அவளுக்குத் திருப்தி தரவில்லை, ஏன் என்று இரண்டு பக்கம் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்தால் அவள் மனம் பொறியியல் பக்கமா, சட்டத்தின் பக்கமா என்று சொல்லிவிடுவேன். மகன் கணக்குப்பதிவியலில் எவ்வளவு வாங்குகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. அதையும் எழுதுங்கள், சிஏ பற்றி அவனிடமே பேசுகிறேன்.