நாளுக்கு ஒரு வானம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நாசா நாள்தோறும் இணையத்தில் வெளியிடும் ‘இன்றைய வானியல் படம்’ பற்றிச் சென்ற இதழில் நான் எழுதிய சில வரிகளுக்கு வட ஆற்காட்டுப் பகுதியிலிருந்து பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் நான்குக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

காட்பாடியிலிருந்து ஒரு வாசகி: ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளுடன் சேர்ந்து நானும் இரண்டு மாதமாக இந்தப் படங்களைப் பார்த்து வருகிறேன். நிறமெல்லாம் கம்ப்யூட்டரில் பூசியது, இதை நம்பாதே என்கிறார் என் மாமனார். அவர் சொல்வது சரியா?

தங்கள் மாமனாரின் ஐயம் நியாயமானது. படத்தைப் பார்த்து வியந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறவரைவிட, இது எப்படி வந்தது என்று கேட்கிறவரே அதை ஊன்றிப் பார்க்கிறார். அவர் சொல்வதில் பாதி சரி. விண்வெளித் தொலைநோக்கிகளின் கருவிகள் கறுப்பு வெள்ளையில்தான் பதிவு செய்கின்றன. வெவ்வேறு வடிகட்டிகளை முன்னால் வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரு குறிப்பிட்ட ஒளியை மட்டும் உள்ளே விட்டு, தனித்தனிப் படங்களாக எடுத்து, பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்து ஒன்றாகச் சேர்க்கிறார்கள்.

1995-ல் ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த ‘படைப்பின் தூண்கள்’ படத்தைத் தாங்கள் பார்த்திருக்கக்கூடும். ஏறத்தாழ 6,500 ஒளியாண்டுத் தொலைவில் (ஒளி ஓராண்டில் கடக்கும் தூரமே ஓர் ஒளியாண்டு), கழுகு நெபுலா என்ற விண்வெளி மேகத்துக்குள் எழுந்து நிற்கும் அந்த வாயு, தூசுத் தூண்களின் படத்தில் கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பு, ஹைட்ரஜனின் ஒளிக்குப் பச்சை, ஆக்சிஜனின் ஒளிக்கு நீலம் என்று வகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். உண்மையில் அந்தக் கந்தகமும் ஹைட்ரஜனும் விடும் ஒளி இரண்டுமே சிவப்பு. உள்ளபடியே விட்டிருந்தால், எது எங்கே இருக்கிறது என்று பிரித்தறிய முடியாமல் இரண்டும் ஒரே செம்மையில் கலந்து போயிருக்கும்.

மாமனாரிடம் நம் மாவட்ட வரைபடத்தைக் காட்டிப் பாருங்கள். 2019-ல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு, வேலூருக்கு ஒரு நிறம், இராணிப்பேட்டைக்கு ஒரு நிறம், திருப்பத்தூருக்கு ஒரு நிறம் என்று தீட்டுகிறார்கள். பாலாற்று மணல் மூன்று மாவட்டத்திலும் ஒன்றுதான். ஆனாலும் அந்த வரைபடத்தைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை, எல்லை தெரிவதற்காகத் தீட்டியது என்று எல்லோருக்கும் தெரியும். விண்வெளிப் படத்தின் நிறமும் அத்தகையது. 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி நம் கண்ணுக்கே எட்டாத அகச்சிவப்பு ஒளியைப் பார்க்கிறது. அதில் நீண்ட அலைகளுக்குச் சிவப்பும் குறுகிய அலைகளுக்கு நீலமும் கொடுத்தால்தான் நாம் எதையும் காண முடியும். எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று படத்தின் கீழுள்ள விளக்கத்தில் தேடிப் படிக்கத் தங்கள் மகளைப் பழக்குங்கள். தாத்தாவுக்கு அவளே பதில் சொல்லட்டும்.

குடியாத்தத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ஆங்கில விளக்கம் எனக்குக் கடினமாக இருக்கிறது. படத்தை மட்டும் பார்த்தால் போதாதா?

போதாது என்பதே என் கருத்து. விளக்கம் ஒரே ஒரு பத்திதான்; ராபர்ட் நெமிராஃப், ஜெர்ரி பொன்னெல் என்ற இரு வானியலாளர்கள் 1995 ஜூன் 16-ல் இதைத் தொடங்கிய நாளிலிருந்தே படத்தோடு விளக்கமும் சேர்ந்தே வருகிறது. கைப்பேசியின் மொழிபெயர்ப்பு வசதியை ஊன்றுகோலாக வைத்துக்கொண்டு, படத்திலிருப்பது என்ன, எவ்வளவு தொலைவு, எதைக்கொண்டு எடுத்தார்கள் என்ற மூன்றை மட்டும் ஒரு நோட்டில் தமிழில் எழுதி வாருங்கள். பழைய படங்கள் ஆயிரக்கணக்கில் அங்கே இருக்கின்றன என்பதற்காக ஒரே இரவில் நூறு படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டாம். மனத்தில் ஒன்றும் தங்காது. நம் நேரப்படி முற்பகலில் புதிய படம் வந்துவிடும். அந்த ஒன்றோடு அன்றைய பொழுதைக் கழியுங்கள்.

வாணியம்பாடியிலிருந்து ஒரு வாசகர்: யாரோ எங்கோ எடுத்த படங்களையே பார்க்கிறோம். பக்கத்திலிருக்கும் காவலூர் வானாய்வகத்துக்கு இதிலெல்லாம் பங்கு ஏதும் உண்டா?

உண்டு. யுரேனஸ் கோளை வெப் தொலைநோக்கி எடுத்து 2023-ல் வெளியான படத்தைத் தேடிப் பாருங்கள். நடுவே வெளிர்நீலப் பந்து. சுற்றிலும் ஒன்றுக்குள் ஒன்றாக மெல்லிய ஒளிவளையங்கள். மொத்தமுள்ள பதின்மூன்று வளையங்களில் பதினொன்று அந்தப் படத்தில் தெரிகின்றன.

1977 மார்ச் 10 வரை யுரேனஸுக்கு வளையம் உண்டு என்பதே யாருக்கும் தெரியாது. அன்று யுரேனஸ் ஒரு விண்மீனுக்கு முன்னால் கடந்து செல்வதை உலகின் பல இடங்களிலிருந்து கவனித்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்னும் பின்னும் அந்த விண்மீன் சில நொடிகள் மங்கி மங்கித் தெளிந்தது. கோளைச் சுற்றியுள்ள வளையங்கள் குறுக்கே வந்ததே அதற்குக் காரணம். ஆலங்காயத்துக்கு அருகே ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் ஆய்வகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் அந்த இரவில் அப்படி ஒரு மங்கலைப் பதிவு செய்தது. இன்று உலகமே கைப்பேசியில் பார்க்கும் அந்த வளையங்களின் முதல் தடயங்களில் ஒன்று, அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தின் ஒரு மலைக்காட்டில் கிடைத்தது என்று எண்ணும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

1988-ல் ஒரு சிறுகோளைக் கண்டறிந்து அதற்கு இராமானுஜன் பெயரைச் சூட்டியதும் காவலூர்தான். வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் தாங்கிய 2.34 மீட்டர்த் தொலைநோக்கியும் அங்கே இருக்கிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம். முன்கூட்டி விசாரித்துக்கொண்டு செல்லுங்கள்.

ஆம்பூரிலிருந்து ஒரு வாசகர்: தொலைநோக்கி வாங்க எனக்கு வசதியில்லை. படத்தில் காண்பவற்றில் ஒன்றையாவது எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். சென்ற தை மாதத்தில் பக்கத்து வீட்டுச் சிறுவன் ஓரியன் நெபுலாவின் படத்தைக் கைப்பேசியில் கொண்டுவந்து காட்டினான். இளஞ்சிவப்பும் ஊதாவுமாக ஒரு பெரிய பூ விரிந்ததுபோல் இருந்தது. அன்றிரவு எட்டு மணிக்கு அவனை மாடிக்கு அழைத்துப் போனேன். தெருவிளக்கு நேராகக் கண்ணில் அடித்ததால், ஒரு கையை உயர்த்தி விளக்கை மறைத்துக்கொள்ளச் சொன்னேன். பத்து நிமிடம் அப்படியே நின்றோம். திருவாதிரை நட்சத்திரத்தைக் காட்டி, அதற்கருகில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களைக் காட்டி, அவற்றுக்குக் கீழே இடுப்பில் செருகிய வாள்போல் தொங்கும் சிறு வரிசையின் நடுவில் பார்க்கச் சொன்னேன். மற்றவை புள்ளிகளாக இருக்க, அது மட்டும் பஞ்சைத் தொட்டு வைத்ததுபோல் கலங்கலாக இருந்தது. “தாத்தா, படத்துல இருந்த கலர் எல்லாம் எங்கே போச்சு?” என்று கேட்டான்.

மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிரித்தறியும் ஆற்றல் இல்லை. மேலும் கண் தனக்கு வரும் ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை, கேமராவோ நீண்ட நேரம் திறந்திருந்து துளித்துளியாகச் சேர்த்துக்கொள்கிறது. பார்த்தது அதே நெபுலாதான். ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுத் தொலைவிலிருந்து வரும் அந்த ஒளி, காஞ்சியில் இராசசிம்மன் கைலாசநாதர் கோயிலை எழுப்பிய காலத்தை ஒட்டிப் புறப்பட்டது என்று சொன்னேன். அவன் கையை இறக்காமல் இன்னும் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. வேலூர் ஏறக்குறைய 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஐரோப்பியர்கள் தங்கள் வீட்டிலிருந்து காணவே முடியாத தென்வானத்தின் பெரும்பகுதி நமக்குத் தெரியும். சிலி நாட்டிலிருந்து எடுத்த படங்களில் அடிக்கடி வரும் தென்சிலுவை, நம்மவர்கள் திரிசங்கு என்று சொல்வது, வைகாசி மாதத் தொடக்கத்தில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே தாழ்வாக நிமிர்ந்து நிற்கும். கையை நேராக நீட்டிப் பிடித்து அளந்தால் அடிவானத்திலிருந்து இரண்டு முஷ்டி உயரத்துக்கும் குறைவாகவே இருக்கும் என்பதால், தென்புறத்தில் மலையோ மாடியோ மறைக்காத இடமாகப் பார்த்து நில்லுங்கள்.