கடைசி வயலுக்குத் தண்ணீர் எப்போது போகிறது?

கேள்வி: ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் கத்தோலிக்கன். எங்கள் பங்குச் சபையில் பத்து வருடமாக இருக்கிறேன். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் விளையும் எங்கள் வட்டையின் (வயல்வெளியின்) விவசாய அமைப்புக்கு இந்த வருடம் என்னைத் தலைவராக்கியிருக்கிறார்கள். தண்ணீர் திறந்துவிடும் துருசுக்குக் கிட்டவே எனக்கு ஆறு ஏக்கர் இருப்பதால் நான்தான் வசதி என்று சொன்னார்கள். முதல் கூட்டத்தைச் செபத்தோடு தொடங்கினேன். இந்து உறுப்பினர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு பேர் அடுத்த கூட்டத்துக்கு வரவே இல்லை. செபத்தை விட்டால் விசுவாசத்தை மறைத்தது போலாகாதா? குளக்கட்டில் பொங்குவதற்கு அமைப்பின் பணத்தில் கொடுக்கவும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? இயேசு சபைக் குரு ஹெபர்ட் அடிகளார் போன்றவர்கள் பெரிய காரியங்களைச் செய்தார்கள். சாதாரண விவசாயி நான். இந்தப் பதவியில் இருந்துகொண்டு கிறிஸ்துவுக்கு எப்படிச் சாட்சியாக இருப்பது?
(ஒரு வாசகர், ஆயித்தியமலை)

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். செபம் இருக்கிறது, பொங்கல் இருக்கிறது, பதவி இருக்கிறது. ஒரு விவசாய அமைப்பின் தலைவர் எழுதிய கடிதத்தில் தண்ணீர்ப் பங்கீட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டீர்கள்: துருசுக்குக் கிட்டவே ஆறு ஏக்கர். நான் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சிறுபோகத்தில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியதும் வயல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. துருசுக்குக் கிட்ட உள்ள வயலில் வரம்பு மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கும். வாய்க்காலின் கடைசியில் மண் வெடித்து, வெடிப்புக்குள் விரல் போகும். அங்கே வயல் செய்கிறவன் இரவு பத்து மணிக்கு டோர்ச்சும் மண்வெட்டியுமாக வந்து, வரம்பை வெட்டித் தண்ணீர் விடும் வக்கடைக்குப் பக்கத்தில் குந்தியிருப்பான். அவனுடைய முறை அன்றைக்குத்தான். மேலே யாரோ அலவாங்கால் கதவை ஒரு சாண் கிளப்பிவிட்டுப் போயிருப்பார்கள். வாய்க்காலில் வருகிற தண்ணீர் தவளை நனையக் காணாது. விடியும்வரை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவான். யார் கிளப்பினது என்று அவனுக்குத் தெரியும். தலைவரிடம் போய்ச் சொல்லலாம். தலைவரின் வயலும் மேலேதான் இருக்கிறது என்றால் எந்த வாயால் சொல்வான்?

அந்த மனிதனுக்கு உங்கள் கிறிஸ்துவைப் பற்றி என்ன தெரிந்திருக்கிறது? உங்கள் கேள்விக்குள் இருக்கிற உண்மையான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். கூட்டம் தொடங்கும்போது நீங்கள் செய்த செபத்தை அவன் கேட்டிருக்கிறான். உங்கள் வாயில் வந்த சொற்கள் தண்ணீராக அவன் வயலுக்கு வந்தனவா என்பதையும் அவன்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

செபத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூட்டத்தில் அதை விடுங்கள். வீட்டில் முழங்காலில் இருந்து செபித்துவிட்டு வாருங்கள். அங்கே வருகிறவர்கள் தண்ணீரையும் உரத்தையும் பற்றிப் பேச வருகிறார்கள். கதிரையில் இருக்கிறவர் செபத்தைத் தொடங்கினால், பிடிக்காதவனும் எழும்பிப் போக முடியாமல் இருக்கவேண்டி வரும். அப்படிக் கட்டிவைத்து ஒருவனையும் இயேசு செபிக்க வைக்கவில்லை. விசுவாசத்தை மறைக்கிறீர்களா என்ற பயம் வேண்டாம். உங்கள் ஊரில் நீங்கள் யார் என்று தெரியாதவர் இல்லை. வராமல் நின்ற அந்த இரண்டு பேரின் வீட்டுக்கும் நீங்களே போய் மன்னிப்புக் கேளுங்கள்.

பொங்கல் பணம் உங்கள் பணம் இல்லை, உறுப்பினர்களின் பணம். கூட்டத்தில் வையுங்கள், அவர்கள் தீர்மானிக்கட்டும், கணக்கில் எழுதுங்கள். நீங்கள் அங்கே நின்று என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதைப் பங்குத் தந்தையிடம் கேளுங்கள். சரி, அதை இத்தோடு விடுவோம்.

இனி என் வீட்டுக் கதை ஒன்று. என் தகப்பனார் முல்லைக்காரராக, அதாவது இன்னொருவரின் வயலைப் பங்குக்குச் செய்கிறவராக இருந்தவர். வயலின் சொந்தக்காரரான போடியார் எங்கள் கோயிலில் பெரிய மனிதர். திருவிழாவுக்குச் சுருவம் தூக்குகிறவர்களில் முதல் ஆள். அந்த வருடம் பெரும்போகம் நன்றாக விளைந்தது. மாசியில் சூடடித்து முடிந்தது. சூடடிக்கும் களவெட்டியிலேயே அளந்து கொடுக்க வேண்டிய பங்கை, கொஞ்ச நாள் பொறு, விலை ஏறட்டும் என்று போடியார் தள்ளிக்கொண்டே போனார். தபசு காலம் முழுக்க எங்கள் வீட்டில் கடன் அரிசி. பெரிய வியாழன் அன்று, ஆட்கள் நிறைய இருக்கிற இடத்தில் கேட்டால் மறுக்கமாட்டார் என்று அம்மா ஐயாவைக் கோயிலுக்கு அனுப்பினார். ஐயா இரவு வெறுங்கையோடு வந்தார். "போடியார் என்ன சொன்னார்?" என்று அம்மா கேட்டார். ஐயா சேர்ட்டைக் கழற்றி ஆணியில் கொழுவிவிட்டுச் சொன்னார்: "பன்னிரண்டு பேரில ஒரு ஆளா இருந்தாரு. சுவாமி அவர்ர காலைக் கழுவிக்கிட்டு இருக்காரு. நான் எப்படிப் போய்க் கேக்கிற?"

எனக்கு அப்போது ஒன்பது வயது. இயேசு சீடரின் காலைக் கழுவினதை நினைத்துப் பெரிய வியாழனில் குருவானவர் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவும் அந்தச் சடங்கை இப்போதும் என்னால் நிம்மதியாகப் பார்க்க முடிவதில்லை. போடியார் பொல்லாதவர் இல்லை. எங்களில் யாருக்கும் காய்ச்சல் என்றால் தன் வண்டிலைக் கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். கோயிலுக்குள் இருக்கும் தெய்வம் களவெட்டிக்கும் வருவார் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். கூலியாளின் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திருக்காதே என்று லேவியர் ஆகமத்தில் இருக்கிறது. வயலை அறுத்தவர்களின் பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார். இரண்டும் நம்முடைய வேளாண்மைக்காரர்களுக்கென்றே எழுதினது மாதிரி இருக்கின்றன. நம் பிரசங்கங்களில் அவை எப்போதாவதுதான் வருகின்றன.

தலைமைக்கு ஒரு மாதிரி வேண்டும் என்றால் நெகேமியாவின் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்து இன்றிரவே வாசியுங்கள். எருசலேமின் மதிலைக் கட்டியவர் என்றுதான் அவரை நமக்குத் தெரியும். நடுவில் இந்த அதிகாரம் இருக்கிறது. பஞ்சம், சனங்கள் வயலையும் வீட்டையும் ஈடு வைத்துத் தானியம் வாங்குகிறார்கள், அரசனின் வரியைக் கட்டக் கடன் படுகிறார்கள், பிள்ளைகளை அடிமையாக விடுகிறார்கள். கடன் கொடுத்தவர்கள் வெளியார் இல்லை, சொந்தச் சனம். நுண்கடன்காரர் வாசலில் வந்து நிற்கிறதைப் பார்த்த மட்டக்களப்புப் பெண்களுக்கு இந்த அதிகாரத்துக்கு விளக்கவுரை தேவையில்லை. நெகேமியா கோபப்படுகிறார். பெரிய மனிதர்களைக் கூட்டிக் கேட்கிறார். அங்கே அவர் ஒன்றை ஒப்புக்கொள்கிறார்: நானும் என் சகோதரரும் என் வேலைக்காரரும்கூடப் பணமும் தானியமும் கடன் கொடுத்திருக்கிறோம், இந்த வட்டியை விட்டுவிடுவோம் என்கிறார். தன்னை விலக்கி வைத்துவிட்டு ஊரைத் திருத்தப் போகவில்லை. அன்றைக்கே வயலையும் வீட்டையும் திருப்பிக் கொடுங்கள் என்கிறார். நான் பார்த்துக்கொள்கிறேன், யோசித்துச் சொல்கிறேன் என்ற பேச்சே கிடையாது.

அப்புறம் தன் கணக்கையும் சொல்கிறார். 12 வருடம் ஆளுநராக இருந்தும் ஆளுநருக்கு உரிய படியை வாங்கவில்லை. முன்னிருந்தவர்கள் வாங்கினார்கள், அது பதவிக்கு உரியதும்கூட. இன்னொரு வரி: நாங்கள் நிலம் ஒன்றும் வாங்கவில்லை. சனங்கள் வயலை விற்றுக்கொண்டிருந்த காலத்தில், மலிவாக வாங்கக்கூடிய இடத்தில் இருந்தவர் சொல்லும் வரி இது. அமைப்புத் தலைவராக வந்தவர்களுக்கு ஐந்து வருடத்தில் எத்தனை ஏக்கர் கூடியிருக்கிறது என்று நம் பக்கத்தில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நீங்கள் உங்களுடையதை எண்ணி வையுங்கள்.

உங்களுக்குக் கொஞ்சம் தூரத்தில், அம்பாறையில் நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். 1981இல் சேனநாயக்க சமுத்திரத்தில் தண்ணீர் மிகவும் குறைந்திருந்தது. கல்லோயா இடதுகரை வாய்க்கால்களில் தலைப்பில் இருந்தவன் எடுப்பதும் கடைசியில் இருந்தவன் காய்வதும்தான் பல வருடத்து வழக்கம். கமநல ஆராய்ச்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளைஞர்களை அனுப்பி, வாய்க்கால் வாய்க்காலாக விவசாயிகளை இருத்திப் பேச வைத்தன. சில வாரத்துக்குள் மேலே இருந்தவர்கள் முறை வைத்துக் கதவை மூடி, மிச்சம் பிடித்த தண்ணீரைக் கீழே விட்டார்கள். மேலே பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கீழே கடைசியில் தமிழர்களும் இருந்தார்கள். பைபிளைத் திறக்காத மனிதர்கள் அதைச் செய்தார்கள் என்று நினைக்கும்போது எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது, நம்மை நினைத்து வெட்கமாகவும் இருக்கிறது.

ஹெபர்ட் அடிகளாரை நீங்கள் எட்டாத உயரத்தில் வைத்துவிட்டீர்கள். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அவர் காணாமல் போனார். அந்த ஒரு நாளைத்தான் நாம் பேசுகிறோம். அவர் இங்கே வந்தது 1948இல். இடையில் 42 வருடம். அந்த நாட்களில் கணிசமானவை புனித மிக்கேல் கல்லூரியின் வகுப்பறையிலும் கூடைப்பந்துத் திடலிலும் பொடியன்களோடு போயின. பந்தை எப்படிப் பிடிப்பது என்று அதே வயதுப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் திரும்பச் சொல்லிக் கொடுப்பது உங்கள் வாய்க்கால் வேலையை விடப் பெரிய காரியமாக எனக்குப் படவில்லை. வாழைச்சேனை வீதியில் அன்றைக்குப் போனவர் அந்த 42 வருடத்து மனிதர்தான்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். இந்தச் சிறுபோகத்தின் முறைப் பட்டியலை எழுதும்போது உங்கள் ஆறு ஏக்கரைக் கடைசியில் போடுங்கள். கடைசி வயலுக்குத் தண்ணீர் போய் நிரம்பின பிறகு உங்கள் வக்கடையை வெட்டுங்கள். விளைச்சல் கொஞ்சம் குறையலாம். வீட்டில் சண்டையும் வரலாம். மனைவியோடு முதலிலேயே இருந்து பேசுங்கள், அவருக்கும் இதில் பங்கு இருக்கிறது. உர மானியப் பட்டியலை எல்லாரும் வாசிக்கிற இடத்தில் ஒட்டுங்கள், உங்கள் சொந்தக்காரரின் பெயரும் ஏக்கரும் உட்பட. கதவின் திறப்பை உங்கள் வீட்டில் வைக்காதீர்கள்; கடைசி வயல்காரரில் ஒருவரிடம் கொடுங்கள். முறை நாட்களில் ஒரு இரவாவது அவரோடு வாய்க்கால் கடைசியில் போய் இருங்கள். அவர் பேசுவார், நீங்கள் கேளுங்கள்.

செப்டெம்பரில் ஆயித்தியமலை மாதாவின் திருவிழாவுக்குச் சனம் உங்கள் வயல்களைத் தாண்டித்தான் நடந்து வரும். அதற்குள் அறுவடை முடிந்திருக்கும். கடைசி வயலுக்குத் தண்ணீர் எத்தனையாம் நாள் போய்ச் சேர்ந்தது, ஏக்கருக்கு எத்தனை மூட்டை வந்தது என்று அந்த வயல்காரரையே கொண்டு எனக்கு ஒரு கடிதம் எழுதுவியுங்கள். இதே பக்கத்தில் போடுகிறேன்.