மீட்டரை நம்பி ஸ்க்ரூவைத் திருகாதீர்கள்

உங்கள் படகின் அவுட்போர்டில் (படகின் பின்னால் மாட்டும் எஞ்சின்) ஐடில், அதாவது சும்மா ஓடும் வேகம், மீட்டரில் நிமிடத்துக்கு 1200 சுற்று காட்டுகிறது, ஐடில் ஸ்க்ரூவைத் திருகி 900-க்குக் குறைத்தால் கியர் போட்டதும் எஞ்சின் அணைகிறது என்கிறீர்கள். எனக்கு மீட்டர் மேல்தான் சந்தேகம். பழைய அவுட்போர்டில் டேக்கோவுக்கு (சுற்று காட்டும் அந்த மீட்டருக்கு) மின்துடிப்பு வருவது ஆல்டர்னேட்டரிலிருந்து, அதாவது பேட்டரியை சார்ஜ் செய்யும் மின்னாக்கியிலிருந்து. அதில் 12 துருவம் (காந்த முனை) என்றால் சுற்றுக்கு 6 துடிப்பு. துடிப்பு எண்ணிக்கையைத் தேர்ந்தெடுக்கும் மீட்டரின் பின்பக்கத் திருகி 4-இல் இருந்தால் ஒன்றரை மடங்கு காட்டும்: உங்கள் 1200 உண்மையில் 800, 900 வெறும் 600. அணையாமல் என்ன செய்யும்!

துருவ எண்ணிக்கையை மேனுவலில் பார்த்துவிட்டு, திருகியை இரு கோடிக்கும் நாலைந்து முறை திருப்பிச் சரியான எண்ணில் வையுங்கள். உள்ளே தொடுமுனைகளில் பச்சை பிடித்திருக்கும், திருப்பினால் உதிரும். அப்புறமும் முள் துள்ளினால் ரெக்டிஃபையரை (ஆல்டர்னேட்டர் மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் பாகம்) சோதியுங்கள். ஐடிலைக் கடைசியாக, படகு தண்ணீரில் கட்டியிருக்க, எஞ்சின் சூடாகி, கியரில் இருக்கும்போது வையுங்கள்.