நான் சவாரி செய்வது மாத வாடகைக் குதிரை. சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்தில் அதோடு போய்க் கூடாரம் போட்டுத் தங்க முடியுமா? முதல் தடவைக்கு எந்தப் பூங்கா நல்லது?

தாராளமாகத் தங்கலாம். வளைகுடாப் பகுதியைச் சுற்றிக் குதிரைக்காரர்களுக்கென்றே ஒதுக்கிய முகாம்கள் பல இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது என்று வரும்போது மட்டும் மலை, அருவி, காட்சி இதையெல்லாம் கொஞ்சம் தள்ளி வையுங்கள். குதிரை ராத்திரியை எப்படிக் கழிக்கும் என்பதை வைத்து இடத்தைத் தேடுங்கள். பகல் சவாரி பெரும்பாலும் நன்றாகவே போய்விடும். பழகாத இடத்தில், இருட்டில், கட்டிப்போட்ட நிலையில் விடியும்வரை அது அமைதியாக நிற்குமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

குதிரை கூட்டமாக வாழும் பிராணி. பயந்தால் அதற்குத் தெரிந்த ஒரே வழி ஓடுவது. அதனால் முதல் இரவுக்கு ஒற்றைக் குதிரையோடு போக வேண்டாம். லாயத்தில் அதன் பக்கத்துத் தடுப்பில் நிற்கும் குதிரையும் வந்தால் பாதி பதற்றம் குறைந்துவிடும். நீங்கள் சவாரி செய்வது மாத வாடகைக் குதிரை என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்திலேயே வாங்கிவிடுங்கள். அவசரத்துக்கு எந்தக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுவது, செலவு யாருடையது என்பதும் அதில் இருக்கட்டும்.

என்னைக் கேட்டால் முதல் தடவைக்கு மரின் கவுண்டியில் உள்ள சாமுவேல் பி. டெய்லர் மாநிலப் பூங்காவின் டெவில்ஸ் கல்ச் குதிரை முகாம். சான் ரஃபேலிலிருந்து மேற்கே சுமார் 15 மைல். குதிரையை ஏற்றிச் செல்லும் ட்ரெய்லரோடு போய்ச் சேரலாம், ஓடைக்கரை, நிழல், கோடையிலும் வெயில் அவ்வளவாக வாட்டாது. அங்கிருந்து பார்னபி மலை உச்சிக்கு அகலமான தீயணைப்புப் பாதை ஒன்று ஏறுகிறது. உயரம் 1,466 அடிதான், ஆனால் ஏற்றம் செங்குத்து. அடிக்கடி நின்று மூச்சு வாங்க விடுங்கள். பார்னபி என்பது டெய்லர் குடும்பம் வளர்த்த கோவேறு கழுதையின் பெயர் என்று சொல்வார்கள். அந்த மலையில் குதிரையோடு ஏறும்போது எனக்கு அது தனி சந்தோஷம்.

மவுண்ட் டயாப்லோ மாநிலப் பூங்காவில் பார்பெக்யூ டெரஸ் என்ற குழு முகாம் குதிரைக்காரர்களுக்கானது. சூரியன் மறைந்ததும் பூங்காவின் வாயிற்கதவுகளைப் பூட்டிவிடுவார்கள் என்பதால் மதியமே போய்ச் சேருங்கள். இன்னொன்று, வளைகுடாவின் கிழக்குப் பக்கத்துக் காய்ந்த புல்வெளிகளில் மண்டிக் கிடக்கும் மஞ்சள் பூ முள்செடி, யெல்லோ ஸ்டார் திசில். குதிரை இதை வாரக்கணக்கில் தின்றால் மூளை பாதித்து, தீனியை மென்று விழுங்கவே முடியாமல் போகும். அதற்கு மருந்து கிடையாது. ஓர் இரவில் ஒன்றும் ஆகாது. ஆனாலும் மேய விடாமல் பார்த்துக்கொள்வேன். களை விதை கலக்காதது என்று சான்று பெற்ற உலர்புல்லையே கொண்டு வரச் சொல்லிப் பல பூங்காக்கள் கேட்பதன் காரணமும் இதுதான். லத்தி வழியாக விதை புது இடத்துக்குப் போய்விடும்.

லா ஹோண்டா பக்கம் சாம் மெக்டொனால்ட் கவுண்டிப் பூங்காவில் ஜாக் புரூக் குதிரை முகாம் இருக்கிறது, ரெட்வுட் என்ற நெடிய மரங்களின் காடு. அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றலான சாம் மெக்டொனால்ட், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அரை நூற்றாண்டு வேலை பார்த்து விளையாட்டு மைதானங்களுக்குப் பொறுப்பாளராக உயர்ந்தவர். 1957இல் அவர் இறந்தபோது இளைஞர்களுக்குப் பூங்காவாகட்டும் என்று விட்டுச் சென்ற நிலம் அது. குழுவாகப் போகிறவர்களுக்கு ஏற்ற இடம்.

மோர்கன் ஹில் பக்கத்து ஹென்றி கோ பூங்காவை இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 87,000 ஏக்கர், ஏறி இறங்கும் முகடுகள், கோடையில் 38 டிகிரியைத் தாண்டும் வெயில், வறண்டுபோகும் ஓடைகள். வசந்தத்தில் அதைப் போல இடம் கிடையாது. ஆகஸ்டில் குதிரையை அங்கே கூட்டிப்போவது அதற்குச் செய்யும் கொடுமை.

சரி, கட்டுவது எப்படி? தொழுவம் இல்லாத இடங்களில் ஹைலைன் போடுவார்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே குதிரையின் தலைக்கு மேலான உயரத்தில் கயிற்றை இழுத்துக் கட்டி, அதில் தலைக்கயிற்றை மாட்டுவது. மரத்தைச் சுற்றி அகலமான பட்டை வேண்டும், வெறும் கயிறு மரத்தின் தோலை அறுத்துவிடும். குதிரை தலையைத் தாழ்த்தித் தரையில் கிடக்கும் புல்லை எட்டித் தின்ன வேண்டும்; கயிறு காலில் சுற்றும் அளவுக்குத் தொய்யக் கூடாது. இரண்டு குதிரைகள் ஒன்றை ஒன்று உதைக்க முடியாத இடைவெளி விடுங்கள். இதைப் பூங்காவில் போய் முதல் முறையாகச் செய்யாதீர்கள். லாயத்திலேயே பகலில் ஒரு மணி நேரம், பிறகு சாயங்காலம், பிறகு ஒரு முழு இரவு என்று பழக்குங்கள். காலைத் தட்டிக்கொண்டு, கனைத்துக்கொண்டு நிற்கும் குதிரை இன்னும் தயாராகவில்லை. அதற்கு அவகாசம் கொடுங்கள்.

தண்ணீரும் தீனியும் விட்டுக்கொடுக்கவே கூடாத விஷயங்கள். ஒரு குதிரை நாளைக்கு 20 முதல் 40 லிட்டர்வரை குடிக்கும். புது ஊர்த் தண்ணீரின் வாசனை பிடிக்காமல் வாயே வைக்காத குதிரைகளும் உண்டு. அதனால் முதல் நாளுக்கு லாயத்துத் தண்ணீரையே கேனில் எடுத்துப் போங்கள். வாளியும் உங்களுடையதாக இருக்கட்டும், பொதுத் தொட்டி வழியாக ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற தொண்டை நோய் மாதிரி தொற்றுகள் பரவும். 500 கிலோ குதிரைக்கு நாளுக்கு எட்டிலிருந்து பத்துக் கிலோ உலர்புல், அதுவும் தினமும் தின்னும் அதே புல். பாசத்தில் புதிதாகக் கொள்ளோ குதிரைமசாலோ அன்றைக்குக் கொடுத்துப் பார்க்காதீர்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தீனி திடீரென்று மாறினால் வயிற்றுவலி வரும், அது உயிருக்கே ஆபத்தாகலாம். தின்னாமல், லத்தி போடாமல், திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்த்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். கைபேசி சிக்னல் எங்கே கிடைக்கிறது என்று வந்ததுமே பார்த்து வைப்பது இதற்காகத்தான்.

தொட்டால் நமைச்சல் தரும் பாய்சன் ஓக் செடி குதிரையைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் அதன் எண்ணெய் குதிரையின் மயிரில் ஒட்டி உங்கள் கைக்கு வரும், நமைச்சல் உங்களுக்குத்தான். உண்ணியும் அதிகம், பிடரி, வால் அடி, கால் இடுக்கு எல்லாம் தடவிப் பாருங்கள்.

மாநிலப் பூங்கா முகாம்களுக்கு ரிசர்வ் கலிஃபோர்னியா தளத்தில் முன்பதிவு. கவுண்டிப் பூங்காக்களுக்கு அவரவர் தளம். பதிவு கிடைத்தாலும் கிளம்பும் வாரத்தில் பூங்காவுக்குப் போன் போட்டு, முகாம் திறந்திருக்கிறதா, தொட்டியில் தண்ணீர் வருகிறதா, உங்கள் ட்ரெய்லரின் நீளத்துக்குத் திருப்ப இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். முதல் பயணத்துக்கு மே மாதம் நல்லது. இலையுதிர்காலத்தில் காய்ந்த காற்று அடிக்கும்போது காட்டுத்தீ பயத்தில் பூங்காக்களையே மூடுவதுண்டு. எந்த மாதம் போனாலும், வந்த வழியிலேயே உடனே வெளியேறும்படி ட்ரெய்லரின் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பி நிறுத்துங்கள். அவசரத்தில் தயங்காமல் ஏறும்படி குதிரையை முன்கூட்டியே பழக்கி வையுங்கள்.