டிரம் சுற்றாத டிரையர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: துணி உலர்த்தும் டிரையரை ஆன் செய்தால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது. டிரம் மட்டும் சுற்றவில்லை. பெல்ட் அறுந்துவிட்டதா, வேறு கோளாறா?

பெரும்பாலும் பெல்ட்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கதவைத் திறந்து டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். பெல்ட் நன்றாக இருந்தால் கைக்கு ஓர் இறுக்கம் தெரியும், கையை எடுத்ததும் டிரம் நின்றுவிடும். அறுந்திருந்தால் தடையே இல்லாமல் லேசாகச் சுற்றும்.

சில மாடல்களில் பெல்ட் அறுந்ததும் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும் சுவிட்ச் ஒன்று உண்டு. அவற்றில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினாலும் சத்தமே வராது. மோட்டார் எரிந்துவிட்டது என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். கையால் சுற்றிப் பார்க்கும் சோதனை இங்கும் பொருந்தும்.

டிரம் சுற்றாத மெஷினை "சூடாவது வருகிறதே" என்று ஓட்டவே கூடாது. துணி ஒரே இடத்தில் கிடந்து சூடேறும். சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸும் போய்விட்டால் இன்னொரு செலவு.

கேள்வி: பெல்ட்டை வீட்டிலேயே மாற்றலாமா?

ஸ்க்ரூ டிரைவர் பிடித்துப் பழகியவர்கள் மாற்றலாம். கதவைத் திறந்தால் விளிம்பில் ஸ்டிக்கர் இருக்கும். அதிலுள்ள முழு மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். பழைய பெல்ட்டை அளந்து வாங்காதீர்கள், உழைத்த பெல்ட் இழுபட்டு நீண்டிருக்கும். அறுந்ததை ஒட்டிப் போடுவதும் வீண்வேலை.

பிளக்கைக் கழற்றுங்கள். கேஸ் டிரையர் என்றால் வால்வையும் மூடுங்கள். தகட்டு விளிம்புகள் கையைக் கிழிக்கும், கையுறை அவசியம்.

பிரிக்கும் முறை மாடலுக்கு மாடல் மாறும். பஞ்சு ஃபில்டர் மேல்பக்கம் இருக்கும் வகைகள் பலவற்றில், ஃபில்டரை உருவியதும் அதன் வாயருகே 2 ஸ்க்ரூக்கள் தெரியும். அவற்றைக் கழற்றிவிட்டு, மேல்தகட்டின் முன்விளிம்பில் மூலையிலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளிப் பட்டைக் கத்தியை நுழைத்து அழுத்தினால் கிளிப் விடும். மேல்தகட்டைத் தூக்கிச் சாய்த்து, கதவு சுவிட்சின் ஒயரைக் கழற்றுங்கள். கழற்றும் முன் ஃபோனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். பிறகு முன்பேனலை உள்ளிருந்து பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள். பேனல் வந்ததும் டிரம் முன்னால் சரியும், அடியில் முட்டுக் கொடுங்கள்.

புதிய பெல்ட்டில் வரிவரியாக உள்ள பக்கம் டிரம்மின் மேல் படிய வேண்டும். பழைய பெல்ட் ஓடிய தடம் டிரம்மில் கோடாகத் தெரியும், அதன்மேலேயே வையுங்கள். பலர் தடுமாறுவது அடுத்த கட்டத்தில்தான். கீழே கையை விட்டு, ஸ்பிரிங் இழுக்கும் ஐட்லர் புல்லியை (பெல்ட்டை இறுக்கமாக வைத்திருக்கும் சிறு சக்கரம்) தள்ளிப் பிடித்துக்கொண்டு, தொங்கும் பெல்ட்டை வளையமாக மடித்து, ஐட்லருக்கு அடியில் கொண்டுபோய் மோட்டார் புல்லியில் மாட்டுங்கள். வரிப்பக்கம் மோட்டார் புல்லியில் உட்கார வேண்டும், வழவழப்பான முதுகு ஐட்லரில் பட வேண்டும். மூடுவதற்கு முன் டிரம்மைக் கையால் 3 சுற்று சுற்றுங்கள். பெல்ட் முறுக்கிக்கொண்டாலோ தடம் விலகினாலோ இப்போதே தெரிந்துவிடும்.

கேள்வி: புதிய பெல்ட் போட்டுச் சில மாதங்களிலேயே மறுபடி அறுந்துவிட்டது. போலி பெல்ட்டா?

பெல்ட்டைச் சந்தேகிக்கும் முன் அது ஓடும் பாதையைப் பாருங்கள். ஐட்லர் புல்லியை விரலால் சுண்டினால் சத்தமில்லாமல் தாராளமாகச் சுழல வேண்டும். அச்சில் நூலும் பஞ்சும் சுற்றிக்கொண்டு புல்லி இறுகிவிட்டால், பெல்ட் அதன்மேல் உரசி உரசியே சூடாகி அறுந்துவிடும். ரப்பர் கருகிய வாடை வந்திருந்தால் இதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

டிரம்மைத் தாங்கும் ரோலர்கள் ஆடினாலோ தட்டையாகத் தேய்ந்திருந்தாலோ எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். டிரம் விளிம்பிலுள்ள கம்பளி போன்ற ஃபெல்ட் பட்டை தேய்ந்திருந்தால் அந்த இடுக்கில் துணி சிக்கி டிரம்மைப் பிடித்து நிறுத்தும், அந்த இழுப்பும் பெல்ட்டுக்குத்தான். சரியாகப் பிழியாத கனத்த துணிகளை மெஷின் கொள்ளளவுக்கு மேல் திணிப்பதும் அப்படித்தான். கிறீச்சிடுகிறதே என்று பெல்ட்டில் எண்ணெய் மட்டும் விடாதீர்கள், பிடிப்பு போய் வழுக்க ஆரம்பிக்கும்.